நாய்க்குட்டிக்கு ரேபிஸ் ஊசி: டர்பனில் எப்போது, எத்தனை முறை போட வேண்டும்?

தென்காசிக்காரன் | சனி, இரவு 8.15

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனில் இருக்கும் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் மகளுக்காக ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தோம். பக்கத்துத் தெருவில் ஈன்ற குட்டி, பத்து வாரம் ஆகிறது என்றார்கள். கறுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். மகள் மிளகு என்று பேர் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா நேற்று வந்தவர் குட்டியைப் பார்த்ததும் "கார்டு எங்கே?" என்று கேட்டார். ரேபிஸ் ஊசி போட்ட கார்டு இல்லாமல் இந்த வளவில் நாய் வைக்க விடமாட்டாராம். ஊரில் எங்கள் வீட்டு நாய்க்கு யாரும் ஊசி போட்டதில்லை. பதின்மூன்று வருடம் இருந்துவிட்டுத்தான் போனது. இங்கே குட்டி வீட்டை விட்டு வெளியே போகப் போவதில்லை. சுவர் இருக்கிறது, கேட் இருக்கிறது. இது சட்டமா, அல்லது அந்த அம்மாவின் சொந்த விதியா?

கரும்புக்காடு | சனி, இரவு 9.02

சட்டம்தான் அண்ணா. நான் டொங்காட்டில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். இந்தக் கேள்வி தினமும் வரும்.

1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டத்தின் கீழ் ரேபிஸ் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட நோய். நாடு முழுக்க எல்லா நாய்க்கும் எல்லாப் பூனைக்கும் ஊசி கட்டாயம். மூன்று மாதத்தில் முதல் ஊசி. அதற்கப்புறம் 12 மாதத்துக்குள் இரண்டாவது. பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. இது குறைந்தபட்சம். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலில் நோய் எப்போதும் நடமாடிக்கொண்டே இருப்பதால் பல மருத்துவர்கள் வருடா வருடம் போடச் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன்.

ஜனங்கள் விட்டுவிடுவது இரண்டாவது ஊசியைத்தான். "குட்டியாக இருக்கும்போதே போட்டாச்சே" என்பார்கள். குட்டியின் உடம்பில் தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது முதல் ஊசியின் வேலையைக் குறைத்துவிடலாம். அதனால் இரண்டாவது போடாத நாயை நான் பாதி ஊசி போட்ட நாயாகத்தான் பார்ப்பேன்.

உங்கள் மிளகுக்குப் பத்து வாரம்தான் என்றாலும் காத்திருக்க வேண்டாம். நோய் இருக்கும் இடங்களில் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் மூன்று மாதம் ஆனதும் மறுபடி போட வேண்டும். சட்டக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

கார்டில் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். மருந்துக் குப்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அதில் தொகுதி எண் அச்சாகியிருக்கும். அதை உரித்துக் கார்டில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

ரயிலடி வீடு | சனி, இரவு 9.40

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஐசிபிங்கோவில் ஆறடிச் சுவருக்குள் ஒன்பது வருடமாக நாய் வளர்க்கிறேன். முதல் வருடம் ஊசி போட்டதோடு சரி. தெருவில் திரியும் நாயை விட்டுவிட்டு, வீட்டுக்குள் கிடக்கும் நாய்க்குப் பணம் கட்டச் சொல்வது என்ன நியாயம்?

கரும்புக்காடு | சனி, இரவு 10.05

அண்ணா, பணம் தடை என்றால் அது தடையே இல்லை. அரசு கால்நடை மருத்துவத் துறை ரேபிஸ் ஊசியை இலவசமாகப் போடுகிறது. மைதானம், சமுதாயக் கூடம், பள்ளி வாசல் என்று மேசை போட்டு உட்காருவார்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி இன்னும் அதிக இடங்களில் நடக்கும்.

சுவரைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் கேட்டுக்கு அடியில் எத்தனை விரல் இடைவெளி? நோயுள்ள நாய் சண்டைக்கு வரும்போது அந்த இடைவெளியில்தான் மூக்கை நுழைக்கும். உள்ளே இருப்பதும் தன் மூக்கை அதே இடத்தில் வைக்கும். பூனைக்குச் சுவர் கணக்கிலேயே இல்லை. அதோடு இந்த நாட்டில் நாய் மட்டும் ரேபிஸைச் சுமக்கவில்லை. மஞ்சள் கீரிப்பிள்ளை, குள்ளநரி, வௌவால் காது நரி எல்லாவற்றிடமும் இருக்கிறது.

நாலாம் தலைமுறை | சனி, இரவு 10.48

என் கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் இது.

நாய் ரேபிஸ் இந்த மாகாணத்துக்கு 1960களில் மொசாம்பிக் பக்கமிருந்து வந்தது. பாடுபட்டு ஒழித்தார்கள். 1976இல் மறுபடியும் அதே வழியாக உள்ளே வந்தது. அதற்கப்புறம் இன்றுவரை போகவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கில் ஊசி முகாம்கள் நின்றன. அடுத்த வருடமே டர்பனில் நோய் எகிறியது. இரண்டும் அடுத்தடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

தம்பி, ஒன்று சொல்கிறேன், உன் வீட்டில் பிள்ளை இருப்பதால் சொல்கிறேன். எண்பதுகளில் எங்கள் வரிசையில் ஒரு மனிதர் இருந்தார். பேர் வேண்டாம். அவர் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தாடை தொங்கியது, எச்சில் கயிறு போல வழிந்தது. குரைக்க வாயைத் திறந்தால் வேறு ஏதோ குரல் வந்தது. தொண்டையில் கோழி எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து, இரண்டு கால்களுக்கு நடுவில் நாயை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் தேடினார். நான் அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று டார்ச் லைட் அடித்துக் கொடுத்தேன். எலும்பு கிடைக்கவில்லை. நாய் மறுநாள் செத்தது. அவர் இரண்டு மாதம் கழித்துப் போனார். தண்ணீர் டம்ளரைப் பார்த்தாலே அவர் தொண்டை இழுத்துக்கொண்டதை அவர் மனைவி சொல்லக் கேட்டேன்.

கடித்தால் மட்டும்தான் ரேபிஸ் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கையில் ஏற்கெனவே இருந்த சிராய்ப்பில் எச்சில் பட்டாலே போதும்.

கேப் காற்று | ஞாயிறு, காலை 7.30

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு தூங்கவில்லை. நான் கேப் டவுனில் இருக்கிறேன். எங்கள் ஊரில் "ரேபிஸ் எல்லாம் நட்டால் பிரச்சினை" என்பார்கள். 2024இல் இங்கே கடல் சீல்களிடம் ரேபிஸ் உறுதியானது. அதற்கு முன் 1980இல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஒரே ஒரு சீலிடம் கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடற்கரையில் நாயைக் கயிறில்லாமல் ஓட விட்டவர்கள் எல்லாம் கார்டைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தார்கள். நானும் தேடினேன். கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கே போய்ப் போட்டோம்.

இடையில் வேறொரு கேள்வி. தங்கை ரீயூனியனுக்கு மாறுகிறாள், பூனையைக் கொண்டுபோக வேண்டும். ரேபிஸ் ஊசி மட்டும் போதுமா?

கரும்புக்காடு | ஞாயிறு, காலை 8.10

போதாது. ரீயூனியனில் ரேபிஸ் இல்லை. அது பிரான்ஸின் பகுதி என்பதால் ஐரோப்பிய விதிதான். முதலில் மைக்ரோசிப், அப்புறம் ஊசி. இந்த வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி அளக்க வேண்டும். 0.5 அலகுக்குக் கீழே இருக்கக்கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். விமான டிக்கெட்டை அதற்கப்புறம் போடச் சொல்லுங்கள்.

தென்காசிக்காரன் | ஞாயிறு, மாலை 6.20

அவசரம். யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

ஐந்து மணிக்கு ஒரு நாய் கேட் பக்கம் வந்தது. இந்தத் தெருவில் பார்த்த நாய் இல்லை. பின்கால் இரண்டும் தள்ளாடியது. பாவம், தாகம் என்று நினைத்து மகள் கம்பிக்கு நடுவே கையை விட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தியிருக்கிறாள். ஒரே பாய்ச்சல். ஆள்காட்டி விரலில் அரிசி நீளத்துக்கு ஒரு கீறல், ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். மனைவி மஞ்சளைக் குழைத்து வைத்துத் துணி சுற்றியிருக்கிறாள். மிளகு அந்த நேரம் சமையலறையில் கட்டிக் கிடந்தது, கேட் பக்கம் வரவே இல்லை.

இதைக் கடி என்று எடுத்துக்கொள்வதா? நாளைக்குக் காட்டினால் போதுமா? பிள்ளைக்கு எட்டு வயது. தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி என்று கேட்டவுடனே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கரும்புக்காடு | ஞாயிறு, மாலை 6.24

இப்போதே போக வேண்டும். அதற்கு முன் துணியை அவிழ்த்து மஞ்சளைக் கழுவுங்கள். குழாயைத் திறந்து விட்டு, ஓடும் தண்ணீரில் விரலைப் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சை சன்லைட் கட்டி இருந்தால் அதுவே போதும். 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. இந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம்.

தொப்புள் ஊசி பழைய கதை. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தயாரித்த அந்தக் காலத்து மருந்தை இந்தியாவிலேயே நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இப்போது தோளில் போடும் நாலு ஊசி: இன்று, பிறகு 3, 7, 14ஆம் நாட்கள். பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ரத்தம் வந்ததால் இது மூன்றாம் வகைக் காயம். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் காயத்திலேயே போட வேண்டும். பேரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

நாலாம் தலைமுறை | ஞாயிறு, மாலை 6.31

தம்பி, அந்த நாயை யாரும் கல்லால் அடிக்க விடாதே. தலை சிதைந்தால் சோதிக்க முடியாது, மூளையைத்தான் சோதிப்பார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு அரசு கால்நடை மருத்துவருக்கோ விலங்கு நல அமைப்பான எஸ்பிசிஏவுக்கோ போன் பண்ணு. செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொடக்கூடாது.

தென்காசிக்காரன் | ஞாயிறு, இரவு 11.50

வந்துவிட்டோம். 15 நிமிடம் கழுவினோம். பக்கத்துக் கிளினிக்கில் தோளில் ஒரு ஊசி போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் தங்களிடம் இல்லை என்றார்கள். "சின்னக் கீறல்தானே, நாயைப் பத்து நாள் கவனியுங்கள், ஒன்றும் ஆகாவிட்டால் விட்டுவிடலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாய் எங்கே போனது என்றே தெரியாதபோது எதைக் கவனிப்பது?

கரும்புக்காடு | திங்கள், காலை 5.15

அந்தப் பத்து நாள் கணக்கு, கட்டிப் போட்டுக் கண்ணில் வைத்திருக்கக்கூடிய நாய்க்கு. எச்சிலில் கிருமி வந்த நாய் சில நாட்களிலேயே நோய் கண்டு செத்துவிடும். பத்து நாள் நன்றாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். ஓடிப்போன நாய்க்கு அது பொருந்தாது. பின்கால் தள்ளாடிய நாய்க்கு நிச்சயமாகப் பொருந்தாது.

காயத்தின் அளவும் கணக்கில்லை அண்ணா. விரல் நுனியில் நரம்பு நிறைய. கிருமி ரத்தத்தில் போவதில்லை, நரம்பு வழியாக மூளைக்கு ஏறும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்திலேயே கிருமியைப் பிடித்து வைப்பதுதான் இம்யூனோகுளோபுலினின் வேலை. முதல் ஊசியிலிருந்து ஏழு நாளுக்குள் போடலாம், ஆனால் ஏழு நாள் காத்திருக்காதீர்கள். இன்று காலையிலேயே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "மூன்றாம் வகை, நாய் தெரியாத நாய், ரத்தம் வந்தது" என்று மூன்றையும் சொல்லுங்கள்.

தென்காசிக்காரன் | திங்கள், மதியம் 2.10

போட்டுவிட்டார்கள். கேட்டதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. உடம்பு எடை பார்த்து அளவு கணக்குப் போட்டார்கள். நர்ஸ் அந்தக் கீறலுக்குள்ளேயே மெல்லிய ஊசியை வைத்துத் துளித்துளியாகத் தள்ளினார். விரல் உப்பி, நுனி வெள்ளையாகிவிட்டது. நடுவில் நிறுத்தி, நிறம் திரும்பும் வரைக்கும் பார்த்துவிட்டு மறுபடி தள்ளினார். பிள்ளை என் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் தெருக்கோடிச் சாக்கடையில் அந்த நாய் செத்துக் கிடக்கிறது. போன் பண்ணியிருக்கிறேன். ஆள் வரும் வரைக்கும் பிள்ளைகள் யாரும் போகாதபடி நானும் எதிர்வீட்டுப் பெரியவரும் காவல் நிற்கிறோம்.

யூனிட் மூன்று | திங்கள், மாலை 4.00

நானும் சாட்ஸ்வொர்த்தான். இதெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறது. இங்கே குரங்குகள் அடிக்கடி வீட்டுக்குள் வருகின்றன. அவை கடித்தால்?

கரும்புக்காடு | திங்கள், மாலை 5.20

வெர்வெட் குரங்கிடம் ரேபிஸ் மிக மிக அரிது. ஆனாலும் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி கிளினிக்கில் காட்டுங்கள், குரங்குக் கடி எளிதில் சீழ் பிடிக்கும். பயப்பட வேண்டியது ஊசி போடாத நாயைப் பார்த்துத்தான். உலகத்தில் மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயிடமிருந்து வருவதுதான். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவ இடமில்லாமல் அடங்கிவிடும். ரயிலடி அண்ணா கேட்ட நியாயத்துக்கும் அதுதான் பதில். தெரு நாயைப் பிடிப்பது கஷ்டம். வீட்டு நாயைப் பிடிப்பது சுலபம். அதனால் வீட்டு நாயை ஒருவரும் விடக்கூடாது.

தென்காசிக்காரன் | புதன், இரவு 9.30

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அலெர்ட்டன் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டது. ரேபிஸ் உறுதி.

மகளுக்கு இன்று மூன்றாம் நாள் ஊசி போட்டாயிற்று. நன்றாக இருக்கிறாள். ஞாயிறு மாலை நீங்கள் யாரும் பதில் சொல்லாமல் இருந்திருந்தால் நான் மஞ்சளோடு விட்டிருப்பேன். கிளினிக் பேச்சை நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். என்னோடு காவல் நின்ற எதிர்வீட்டுப் பெரியவரின் நாய் அன்றைக்கு அந்த நாயோடு சண்டை போட்டிருக்கிறது. கழுத்தில் பல் பட்ட காயம். அரசு கால்நடை மருத்துவர் வந்து முதலில் கேட்டது கார்டைத்தான். கார்டு இல்லை. எப்போதோ போட்டதாக ஞாபகம் என்றார் பெரியவர். மருத்துவர் கோபப்படவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஊசி போடாத நாய் உறுதியான நோய் நாயிடம் கடி வாங்கினால் அதை உயிரோடு விட்டுவைக்க முடியாது என்று. பெரியவர் தானே கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். எட்டு வருட நாய். முடிந்ததும் பட்டையைக் கழற்றிக் கேட்டார். எச்சில் பட்டது, தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மிளகு அன்றைக்குச் சமையலறையில் கட்டிக் கிடந்ததால்தான் இன்று இருக்கிறது. நேற்று அதற்கு ஊசி போட்டுவிட்டோம். பன்னிரண்டு வாரம் ஆனதும் மறுபடி போட வேண்டும்.

ரயிலடி வீடு | வியாழன், காலை 6.05

பிள்ளை தப்பித்ததற்கு மாரியம்மனுக்கு நன்றி. நான் சனிக்கிழமை எழுதியது தவறு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் நாய்க்கு ஒன்பது வயது, எட்டு வருடமாக ஊசி இல்லை. இப்போது எங்கிருந்து தொடங்குவது?

கரும்புக்காடு | வியாழன், காலை 6.40

புது நாய்க்குப் போல முதலிலிருந்து தொடங்குங்கள் அண்ணா. இன்றைக்கு ஒன்று, 12 மாதத்துக்குள் இன்னொன்று. வயதான நாய்க்கும் இந்த ஊசி ஒத்துக்கொள்ளும். வேறு ஏதாவது நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள்.

நாலாம் தலைமுறை | வியாழன், காலை 9.15

தம்பி, அந்தப் பெரியவரைத் தனியாக விடாதே. சாயங்காலம் ஒரு டீ போட்டுக் கொண்டுபோய் உட்கார். அவர் கையில் வெட்டுக்காயம், சிராய்ப்பு ஏதும் உண்டா என்று கேள். சண்டையை விலக்கிய கை அது. நாயின் காயத்தையும் துடைத்திருப்பார்.

தென்காசிக்காரன் | வியாழன், இரவு 8.50

கேட்டேன் ஐயா. கட்டை விரலில் நகம் ஓரம் ஒரு வெடிப்பு இருந்தது. "இதுக்கெல்லாமா" என்றார். வற்புறுத்தி அழைத்துப் போய் அவருக்கும் ஊசி தொடங்கிவிட்டோம். வெறும் கையால்தான் நாயின் கழுத்தைத் துடைத்தாராம். நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

தென்காசிக்காரன் | அடுத்த வாரம் ஞாயிறு, மதியம் 1.00

இன்று ஏழாம் நாள். மகளுக்கு மூன்றாவது ஊசி போட்டாயிற்று, ஒன்று பாக்கி. வரும் ஞாயிறு பதினாலாம் நாள். காலண்டரில் அவளே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

எங்கள் வரிசையில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பதினொரு நாய், நாலு பூனை. கார்டு உள்ளவை மூன்றே மூன்று. இந்தத் தெருவில் உறுதியான நோய் என்பதால் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரசு ஊழியர்கள் இங்கேயே வந்து மேசை போடுகிறார்கள், எல்லாம் இலவசம். பக்கத்து இரண்டு தெருக்காரர்களும் வரலாம். மேட்டுத் தெருவில் இருப்பவர்களை அழைத்துவர வீட்டுக்கார அம்மாவின் மகன் பேக்கி (சின்ன சரக்கு வண்டி) ஓட்டுகிறான். பூனைகளுக்குக் காய்கறிக் கூடை இரண்டு கிடைத்துவிட்டது, மேலே வலை கட்டிவிடலாம். நாய்க்கயிறுதான் குறைகிறது. சாட்ஸ்வொர்த் பக்கம் யாரிடமாவது உபரியாக நாலு கயிறு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.